முதுகில் பை, மடியில் சீட்டுப் பணம்: அந்தமானில் பத்து நாள்

"ரிஸார்ட், நீச்சல் குளம், கண்ணாடி அறை என்று படம் போடுகிறார்களே, அந்த மாதிரித் தீவுக்கெல்லாம் நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பம் போக முடியுமா? பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரிதானா?" என்று கரூர் வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

போகலாம் அம்மா, தாராளமாய்ப் போகலாம். போய் வந்தவள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். ஒரு ஜனவரியில் நாங்கள் நான்கு பேர், நானும் என் கணவரும், காலேஜில் படிக்கும் பெரியவளும், ஏழாவது படிக்கும் சின்னவனும், அந்தமானுக்குப் போனோம். அதில் மூன்று இரவு ஹேவ்லாக் தீவில். கப்பல், விமானம், சாப்பாடு, தங்கல் எல்லாமாகப் பத்து நாளைக்கு 60,000 ரூபாய்க்குள் முடித்தோம். அதற்கு மேல் செலவழிக்கக் கையில் இல்லை. நான் மூன்று வருஷமாய்க் கட்டி எடுத்த சீட்டுப் பணம் அது.

அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு கணக்கு இருந்தது. "பொண்ணுக்கு நாலு சாமான் வாங்கிச் சேர்க்கறதை விட்டுட்டு, கடலைப் பார்க்கக் கப்பலேறணுமா? அவ கல்யாணம் ஆகி, புருஷனோட போய்க்கட்டுமே" என்றார் மாமியார். எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு மட்டும், "எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கட்டிக் கொடுத்தாங்க அத்தை. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காபி குடிக்கும்போது, "நீங்க வர்ற வரைக்கும் நான் சின்னவன் வீட்டுல இருந்துக்கறேன்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்!

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பேச்சில் பழைய பெயர்களே ஓடுகின்றன, நானும் அப்படியே எழுதுகிறேன். டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழி சுமார் 1,200 கிலோமீட்டர். ஏறக்குறைய 60 மணி நேரம், காற்றைப் பொறுத்துக் கூடும். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். மாதத்தில் சில தடவைதான் கப்பல் புறப்படும், அந்தத் தேதிக்கு நம் லீவு ஒத்துவர வேண்டும். பணம் குறைவாக இருக்கிறவர்கள் நாளைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவருக்குப் பத்து நாள் லீவு கிடைத்ததே பெரிய பாடு, அதனால்தான் திரும்புவதற்கு விமானம். நாலு மாதம் முன்னாலேயே டிக்கெட் எடுத்ததால் விலை கட்டுப்பட்டது.

கப்பலில் பங்க் வகுப்புதான் மலிவு. பெரிய கூடம், மேலும் கீழுமாகப் படுக்கைகள், சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். ஊருக்கு வந்துவிட்டு அந்தமான் திரும்பும் தமிழர்களே பாதிப் பேர். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. வெறும் வயிற்றோடு இருந்தால் குமட்டல் அதிகமாகும். அரை வயிறு அவல், இரண்டு பிஸ்கெட், வாயில் ஒரு துண்டு சுக்கு. கீழே முடங்கிப் படுக்காமல் மேல்தளத்துக்கு வந்து, கப்பலின் நடுவாக உட்கார்ந்து, கடலும் வானமும் சேரும் கோட்டையே பாருங்கள், தலை நிதானப்படும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு முன்னாலேயே வாங்கி வையுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கடையில் தானாக வாங்கவே கூடாது.

சாமான் விஷயத்தில் பெரியவள்தான் அதிகாரி. ஆளுக்கு ஒரு முதுகுப் பை, ஆறு கிலோவுக்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்டாள். பெட்டி தூக்க ஆள் தேட வேண்டாம், பஸ்ஸில் ஏறலாம், நடக்கலாம். "மாற்றுப் புடவை நாலாவது வேண்டாமா?" என்றேன். "அம்மா, மூணு சுடிதார் போதும்" என்றாள். அவள் சொன்னதே சரி. அங்கே காற்றில் ஈரம் அதிகம், கனமான பருத்தித் துணி துவைத்தால் காய ஒரு நாளாகும். புடவையோடு அலையில் இறங்குவதும் ஆபத்து. நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்திருக்க முடியாது. துப்பட்டாவையும் கரையிலேயே வைத்துவிட வேண்டும். துணியில் மிச்சமான இடத்தில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தட்டை, ரவா உருண்டை என்று நான் நிரப்பிவிட்டேன்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு மறுபடி படகு. குளிர்சாதனம் போட்ட தனியார் படகுகள் இருக்கின்றன, கட்டணம் ஆயிரத்துக்கு மேல். அரசாங்கப் படகில் அதில் பாதிகூட ஆகாது. இரண்டரை மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தீவுக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு, நியாயம்தானே? அவர்களுக்கு அது டவுன் பஸ் மாதிரி. நாம் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். செலவு மிச்சம் என்று நினைப்பு. இரண்டு வழிப் படகுக்கும் கொடுத்துவிட்டு, தீவில் நாலைந்து மணி நேரம், அதுவும் மொட்டை வெயிலில்! அஸ்தமனம் பார்க்காமல் திரும்புவதற்கு எதற்காகப் போவது?

1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளை அரசாங்கம் அங்கே குடியேற்றியது. கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயர்கள். கடற்கரைகளை நம்பர் சொல்லியும் அழைக்கிறார்கள். படகுத்துறை ஒன்று, விஜய நகர் ஐந்து, ராதா நகர் ஏழு. நாங்கள் விஜய நகரில் ஒரு வங்காளிக் குடும்பத்தின் தோப்பில், மூங்கில் தட்டி வைத்த அறையில் தங்கினோம். கூடுதல் மெத்தை போட்டு நாளொன்றுக்கு 1,500 ரூபாய். பக்கத்து ரிஸார்ட்டில் பத்தாயிரத்துக்கு மேல். அவர்கள் வாசலில் இருந்த கடலேதான் எங்கள் வாசலிலும் இருந்தது!

வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மாஷி என்றார்கள், சித்தி என்று அர்த்தமாம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியும் அவர் கையசைப்புமாய்ப் பேசிக்கொண்டோம். "தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள்" என்பதுதான் முதல் வார்த்தை. மழை நின்றால் கிணறு வற்றத் தொடங்கிவிடும். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கெட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

சாப்பாட்டுக்கு மூன்றாம் நம்பர் கடைத்தெருவுக்குப் போய்விடுங்கள். சோறு, பருப்பு, ஒரு பொரியல், கடுகெண்ணெயில் மீன் குழம்பு, 200 ரூபாய். கடுகெண்ணெய் வாசனை முதல் வேளை மூக்கைத் துளைக்கும், இரண்டாம் வேளையிலிருந்து தெரியாது. மீன், இளநீர், வாழைப்பழம் உள்ளூர்ச் சரக்கு. பால், உருளைக்கிழங்கு, வெங்காயம் கப்பலில் வருகிறவை, விலையும் அப்படித்தான். ஊரில் சாப்பிடுவதையே அங்கேயும் தேடினால் பணம் கரையும்.

படகுத்துறையிலிருந்து ராதா நகர் 12 கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு நூறாக எண்ணிக் கொடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் சில்லறைக் காசு. பஸ் நேரத்தை டிரைவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி பஸ்ஸை இரண்டு தடவை கேளுங்கள். அங்கே நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் அஸ்தமனம். "ஆறு மணிக்குப் போகலாம்" என்று தூங்கினால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

ராதா நகர் கடற்கரையை 2004ல் ஆசியாவிலேயே சிறந்தது என்று டைம் பத்திரிகை சொன்னது. பெரிய காட்டு மரங்கள் மணல் வரை வந்து நிற்கின்றன. மணல் மாவு மாதிரி. உயிர்காப்பாளர்கள் காட்டும் இடத்தில்தான் இறங்க வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகையை வேடிக்கை என்று நினைக்காதீர்கள். 2010ல் அதே பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது. ஒதுக்குப்புறமான ஓடை முகம் பக்கம் போகவே கூடாது.

எனக்கு 46 வயது. அன்றுவரை கடலில் கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. பெரியவள் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. அலை வந்து தூக்கியபோது "ஐயோ" என்று கத்தினேன். தூக்கிய அலை மெதுவாக இறக்கியும் விட்டது. அரை மணி நேரம் வெளியே வரவில்லை. "சாப்பிட வேணாமாம்மா?" என்று சின்னவன் கரையிலிருந்து கேட்கிறான், எனக்குக் காதில் விழாத மாதிரி இருந்தேன். அத்தனை வருஷத்தில் அது எனக்குப் புதுப் பழக்கம்.

இவருக்குச் சர்க்கரை உண்டு. அந்த மாதிரி உள்ளவர்கள் தீவில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. விஜய நகர்ப் பக்கம் நீர் வடிந்தால் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். செத்த பவளத் துண்டுகள் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். உணர்ச்சி குறைந்த காலில் வெட்டுப்பட்டால் தெரியாது, சீழ் பிடித்தபின்தான் தெரியும். இவர் ரப்பர் ஷூவோடுதான் தண்ணீரில் இறங்கினார். தினமும் இரவில் டார்ச் அடித்து உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் நான் பார்த்தேன். நீர் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். மாஷியிடம் கேட்டு அதற்குத் தகுந்தாற்போல் குளிக்கப் போனோம். மணல் ஈக் கடிக்கு, தேங்காய் எண்ணெயைக் கைகாலில் கெட்டியாகப் பூசிக்கொண்டோம்.

சின்னவன் பை நிறையச் சிப்பி, பவளத் துண்டு சேர்த்திருந்தான். பவளத்தைத் தொட்டு எடுப்பதற்கே சட்டத்தில் தடை, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். கெஞ்சினான், அழுதான். எல்லாவற்றையும் அவன் கையாலேயே கடலில் போட வைத்தேன்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. பால் குடிக்கும் குழந்தையோடு கப்பலில் இரண்டரை நாள் என்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு பக்கமும் விமானமே நல்லது. காலை 9 மணிக்கு மேல் குழந்தையை மணலில் விடாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து, காய்ச்சல் மருந்து, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீருக்கு ஒரு பிளாஸ்க், இவை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. மே பிறந்தால் மழை, படகுகளை நிறுத்தி வைப்பதும் உண்டு. ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். கரூர் சகோதரி எந்த மாதம் போவதாக உத்தேசம்? எழுதுங்கள், கப்பலில் கெடாமல் இருக்கும் பலகாரங்களுக்குப் பக்குவம் அடுத்த இதழில் தருகிறேன்.