களிமண்ணில் ஒரு எட்டு

போன ஆனி மாதத்தில் ஒரு ராத்திரி அக்காவிடமிருந்து போன். மருமகன் காரைப் புளியமரத்தில் மோதிவிட்டான். விருத்தாசலத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே போகும் தார்ச்சாலை அது. நான் போய்ச் சேர்ந்தபோது பின்கதவு நசுங்கி, வண்டி பாதி சாலையிலும் பாதி பள்ளத்திலுமாக நின்றிருந்தது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. “ஹேண்ட்பிரேக்க இழுத்தேன் மாமா, வண்டி சுத்திடிச்சி” என்றான். மரத்தைத் தாண்டி இருபதடியில் ஒரு கூரைவீடு. உள்ளே ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூரையை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊரில் எத்தனையோ பிள்ளைகளைப் போல அவனும் பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கிறான். அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார பியூஸ் கட்டை என்று அச்சில் வார்த்துச் சூளைக்கு அனுப்பும் வேலை. வேலை முடிந்தால் செல்போன், செல்போனில் டிரிஃப்டிங். காரின் பின்பக்கம் வெளியே விலகி, டயர் புகைய, வளைவு முழுக்க வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகிறது. நானும் வாங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

அக்கா அவனை அடிக்காத குறையாகத் திட்டினாள். நான் திட்டவில்லை. திட்டினால் வேறு சாலைக்குப் போவான் என்று தோன்றியது. அவன் என்ன செய்யப் பார்த்தான் என்று முதலில் தெரிந்துகொள்வோம் என உட்கார்ந்தேன்.

இந்த வித்தை வளர்ந்த இடம் ஜப்பான். குனிமிட்சு தகஹாஷி முதலில் மோட்டார் சைக்கிள் வீரர். 1961-ல் மேற்கு ஜெர்மனியில் 250 சிசி பந்தயத்தில் வென்று, உலக கிராண்ட் பிரி ஒன்றில் ஜெயித்த முதல் ஜப்பானியரானார். பிறகு காருக்கு மாறினார். 1970-களில் அவர் வளைவுக்குள் நுழையும்போதே வண்டியைச் சறுக்கவிட்டு, சறுக்கலிலேயே வளைவைக் கடந்தார். அவரைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகியவர் கெய்ச்சி சுச்சியா. அவருடைய மலைச்சாலை ஓட்டத்தைப் படம்பிடித்த ‘பிளஸ்பி’ என்ற வீடியோ 1987-ல் வெளிவந்தது. பெயரும் கிடைத்தது, உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2001-ல் டி1 கிராண்ட் பிரி என்ற போட்டித்தொடர் வந்த பிறகு இந்த வித்தைக்கு மூடிய களமும் நடுவர்களும் விதிகளும் அமைந்தன. 2006-ல் வந்த ‘டோக்கியோ டிரிஃப்ட்’ படத்தில் கதாநாயகன் பழகுவதை ஒரு மீன்பிடிக்காரர் உட்கார்ந்து பார்ப்பார். அவர்தான் சுச்சியா. மருமகன் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறான். இது அவனுக்குத் தெரியாது. சொன்னதும் மறுபடி போட்டுப் பார்த்தான்.

அவன் மரத்தில் மோதியதற்குக் காரணம் எளிமையானது. அவன் ஓட்டியது, நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களைப் போல, எஞ்சின் முன்சக்கரத்தை இழுக்கும் வண்டி. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், பிடி போகும், வால் சுழலும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வாலைத் தாங்கிப்பிடிக்க ஓட்டுநர் கையில் எதுவும் இல்லை. டிரிஃப்ட் என்பது எஞ்சின் பின்சக்கரத்தைத் தள்ளும் வண்டியில் நடப்பது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பின்டயரின் பிடியைக் குலைக்க வேண்டும். குலைந்த பிடி முழுக்கப் போய்விடாமல் அதே ஆக்சிலேட்டரால் தாங்க வேண்டும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஆம்னி, பொலிரோ எல்லாம் பின்சக்கர வண்டிகள்தான். ஆனால் ஆம்னியும் பொலிரோவும் உயரமானவை. பக்கவாட்டில் சறுக்கும்போது எதிலாவது தட்டினால் கவிழ்ந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளவயதில் சோழவரத்தில் பந்தய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயத்தடம் வந்தது. கோவையில் கரிவரதன் பெயரில் இன்னொன்று இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதும் இந்த மண்ணிலிருந்துதான். இவ்வளவும் இருந்தாலும் விருத்தாசலத்துப் பிள்ளைக்கு இருங்காட்டுக்கோட்டை சுமார் 200 கிலோமீட்டர். அங்கே போய் வர, வண்டிக்கு, பயிற்சிக்கு ஆகும் செலவைப் பட்டறைக் கூலியில் கட்ட முடியாது.

பெரியவரிடம் கேட்டேன். “சாலையில ஏறமாட்டேன்னு அவன் உங்க அக்கா முன்னாடி சொல்லட்டும், வரேன்” என்றார். சொன்னான்.

நண்பர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் காலி மனை உண்டு. ஒரு காலத்தில் பட்டறைக்குக் களிமண் கொட்டிவைத்த இடம். மரம் இல்லை, கம்பம் இல்லை, பள்ளம் இல்லை. அவர் அனுமதி கொடுத்தார். டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் விட்டோம். எங்கள் ஊர்க் களிமண் நனைந்தால் எப்படி வழுக்கும் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழுக்கல்தான் பெரியவருக்கு வேண்டியிருந்தது. காய்ந்த தாரில் வேகமாகப் போனால்தான் பிடி விடும். ஈரக் களிமண்ணில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே விட்டுவிடும். தப்பு செய்தாலும் வண்டி நாலு முழம் சறுக்கி நின்றுவிடும். வண்டி, நண்பருடைய பழைய 1800 இசுசு எஞ்சின் அம்பாசடர்.

முதல் ஒரு மணி நேரம் அவனை வண்டியை நகர்த்தவே விடவில்லை. சீட்டை முன்னால் இழுக்கச் சொன்னார். முதுகு சாய்ந்தபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பெல்ட், ஹெல்மெட், உள்ளே உருளக்கூடிய தண்ணீர்ப் பாட்டில்கூட இருக்கக் கூடாது. பார்க்க வந்த பிள்ளைகளை மண்மேட்டுக்குப் பின்னால் அனுப்பினார். அதில் அவர் மிகக் கண்டிப்பு. இலங்கையில் தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21-ல் ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தின்போது தடம் விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். பந்தயத்தில் சாவது ஓட்டுகிறவன் மட்டும் இல்லை என்பதை அவர் சோழவரத்துக் காலத்திலிருந்தே அறிந்தவர்.

பிறகு நடுவில் ஒரு பழைய டயரைப் போட்டார். அதைச் சுற்றி ஃபர்ஸ்ட் கியரில் வட்டமடிக்க வேண்டும். வட்டம் சீராக வந்ததும் ஆக்சிலேட்டரை ஒரு மிதி. வால் விலகியது. மருமகன் பயந்து காலை முழுக்க எடுத்தான். எடுத்த நொடியில் வண்டியின் பாரம் முன்னால் சாய, பின்சக்கரம் லேசாகி, வண்டி முழுதாகச் சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றது. திரும்பவும் அதே. திரும்பவும் அதே. அன்று காலை முழுக்க அவன் அப்படித்தான் சுழன்றான்.

மதியத்துக்கு மேல் பெரியவர் பக்கத்து சீட்டில் ஏறினார். “கைய வுடு தம்பி” என்றார். முன்சக்கரத்தின் அமைப்பு அப்படி: வண்டி சறுக்கும்போது, அது போகும் திசைக்குச் சக்கரம் தானாகவே திரும்பப் பார்க்கும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் அந்த வேலையை நாமே தடுக்கிறோம். உள்ளங்கையில் அது வழிந்து ஓட வேண்டும். வேண்டிய இடத்தில் பிடித்தால் போதும். இன்னொன்றும் சொன்னார். “டயரப் பாக்காத. எங்க போவணுமோ அங்க பாரு.” இதைக் கேட்டதும் மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அன்றைக்கு ராத்திரி அவன் பார்த்துக்கொண்டே இருந்தது புளியமரத்தை.

நாலு மணி வாக்கில் அரை வட்டம் வந்தது. வால் விலகி, ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் திரும்பி, எஞ்சின் ஒரே சத்தத்தில் உறும, அந்தக் கனமான அம்பாசடர் சேற்றைத் தெறித்துக்கொண்டு டயரைச் சுற்றிப் பக்கவாட்டில் போயிற்று. மூன்று விநாடி இருக்கும். இறங்கி வந்து, “அச்சுல ஸ்லிப் ஊத்துற மாதிரிதான் மாமா” என்றான். ஸ்லிப் என்பது களிமண் குழம்பு. பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடிக்கும், ஓரத்தில் சுவர் கட்டும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் பொம்மை சப்பை, தாமதித்தால் தடித்துப்போகும். அந்த நேரம் பார்ப்பது அவன் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

பிறகு அடுத்தடுத்த ஞாயிறுகளில் இரண்டு டயர் போட்டு எட்டு. ஒரு வட்டத்திலிருந்து மறு வட்டத்துக்கு மாறும் இடத்தில் வால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசும். கஷ்டமெல்லாம் அங்கேதான். ஆறாவது ஞாயிறு அவனுக்கு முழு எட்டு வந்தது.

எட்டு போட்டுத்தான் நாம் எல்லாரும் லைசன்ஸ் வாங்கினோம். காய்ந்த தரையில், மெதுவாக, கால் ஊன்றாமல். வண்டி வழுக்கினால் என்ன செய்வது என்று எந்த டிரைவிங் ஸ்கூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் எங்கள் சாலைகளில் வழுக்கல் அன்றாடம். கோடை முடிந்த முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் கரைந்து தார் சோப்பாகிவிடும். அறுவடை நாளில் உளுந்தும் எள்ளும் சாலையில் காயும். மண் லாரி சிந்திய களி மழையில் ஊறிக் கிடக்கும். சுவீடனில் வழுக்கும் தளத்தில் பயிற்சி எடுக்காமல் கார் உரிமம் கிடையாது.

ஒரு எச்சரிக்கையையும் நான் மறைக்கக் கூடாது. நார்வேயில் 1980-களில் இப்படிக் கட்டாயப் பயிற்சி கொடுத்தபோது, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்கும் சாலையில் முன்னைவிட அதிகமாக விபத்துக்குள்ளானதாக ஆய்வு காட்டியது. ‘எனக்குத் தெரியும்’ என்ற துணிச்சல்தான் காரணம் என்று கண்டார்கள். அதன்பிறகு அந்த நாடுகளில் பயிற்சியின் நோக்கத்தையே மாற்றினார்கள்: பிடி எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதை உடம்புக்குக் காட்டுவது முதல் வேலை. எங்கள் பெரியவர் காலை முழுக்க அவனைச் சுழலவிட்டதும் அதற்குத்தான் என்று இதைப் படித்த பிறகு புரிந்தது. மருமகன் இப்போது மழையில் என்னைவிட மெதுவாக ஓட்டுகிறான்.

சாலையில் செய்கிற பிள்ளைகளுக்குச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில் ஆபத்தாக ஓட்டினால் ஓராண்டு வரை சிறை உண்டு. பதினெட்டு வயது ஆகாதவன் குற்றம் செய்தால் 199ஏ பிரிவு பெற்றோரையோ வண்டிக்காரரையோ பிடிக்கும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சட்டம் வேண்டும். ஆனால் ‘இங்கே செய்யாதே’ என்று சொல்கிற அரசு ‘அங்கே போய்க் கற்றுக்கொள்’ என்று காட்ட ஓர் இடமாவது வைத்திருக்க வேண்டும் அல்லவா?

கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் போக்குவரத்துத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான். உரிமத் தேர்வு நடத்தும் மைதானத்தை ஒட்டி ஓர் ஏக்கர் தட்டையான நிலம் கொடுங்கள். தண்ணீர் விட ஒரு குழாய், சுற்றி மண்மேடு, மாதம் இரண்டு ஞாயிறு, பழைய பின்சக்கர வண்டி ஒன்று, பயிற்சி பெற்ற ஒருவர். அதுவரை காலி மனை வைத்திருக்கிறவர்கள், பந்தயத்தடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் முன்வந்தால் பெரியவர் வரத் தயாராக இருக்கிறார். தண்ணீர் டேங்கருக்கு நான் பணம் தருகிறேன்.