நம் வீட்டு வாசற்படி

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி, சனிக்கிழமை. டில்லியில் எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அன்று காலை பரோட்டாக்கள் தட்டிலேயே ஆறிப்போயின. அமெரிக்க ஜனாதிபதி முதல் நாள் கையெழுத்திட்ட பிரகடனத்தைப் பற்றியே எங்கும் பேச்சு. அயல்நாட்டிலிருக்கும் ஒருவரை எச்-1பி அனுமதியில் புதிதாக அழைத்துக்கொள்ள விரும்பும் கம்பெனி இனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்பது செய்தி. "இது அநியாயம்!" என்றார் ஒருவர். "நம்முடைய மூளை வேண்டும், நாம் வேண்டாமா?" என்றார் மற்றொருவர். எல்லாரையும்விட உரக்கப் பேசியவன் நான்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. என் அத்தான் அங்கே வேலை பார்க்கிறார். 2023-இல் ஒரு நாள் திடீரென்று அவருடைய வேலை போயிற்று. எச்-1பி அனுமதி என்பது ஆளுக்குக் கொடுப்பதன்று. அழைத்த முதலாளியோடு பிணைத்துக் கொடுப்பது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் தவணை. அதற்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு என் அக்கா அந்த நாட்களை எண்ணியதைத் தொலைபேசியில் கேட்டவன் நான். ஐம்பத்திரண்டாம் நாள் வேறு வேலை கிடைத்தது. அந்த ஐம்பத்திரண்டு நாட்களில் என் தாயார் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே, வல்லரசின் கொடுமையைப் பற்றி அன்று நான் ஒரு சிறிய பிரசங்கமே செய்துவிட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர். மண்ணியலில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். எங்களைவிட மூத்தவராதலால் "அண்ணா" என்றே அழைப்போம். சங்கத்துப் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் பானையை இறக்கி வைப்பது அவர் கைதான். "ஏன் அண்ணா பேசாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "உன் அத்தானுக்கு அறுபது நாள் கொடுத்தார்கள். எனக்கு அந்த அறுபது நாளும் இல்லையே, தம்பி" என்றார்.

அவருடைய கதை சுருக்கமானது. உழவர்களுக்கு மண் பரிசோதனை செய்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம் அவரை வேலைக்குக் கூப்பிட்டது. மாதம் 60,000 ரூபாய் சம்பளம். அதே வேலையிலுள்ள இந்தியருக்கும் அதே சம்பளந்தான். அவருக்குச் சம்மதம்; நிறுவனத்துக்கும் சம்மதம். ஆனால் நம் நாட்டு விதி சம்மதிக்கவில்லை. அயல்நாட்டார் இங்கே வேலை விசா பெற வேண்டுமானால், ஆண்டுச் சம்பளம் 16 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்கு மேலிருக்க வேண்டும். 7 லட்சத்து 20 ஆயிரம் எங்கே, அது எங்கே!

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பிறர் வீட்டு வாசற்படியின் உயரத்தை அளந்துகொண்டிருந்த நான், நம் வீட்டு வாசற்படியை ஒரு நாளாவது குனிந்து பார்த்ததுண்டா? அன்று மாலையே நூலகத்திற்குப் போய் நம் விதிகளைத் தேடிப் படித்தேன்.

விதியின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. தகுதியுள்ள இந்தியர்கள் கிடைக்கும் வேலைக்கும், சாதாரண குமாஸ்தா வேலைக்கும் அயல்நாட்டாரை அழைத்து வரக் கூடாது என்கிறது அது. நியாயந்தான். ஆனால் ஒருவர் உயர்ந்த தகுதியுடையவர் என்பதை எப்படி அறிவது? சம்பளத்தைக் கொண்டு அறியலாம் என்று சர்க்கார் முடிவு செய்திருக்கிறது. 2024-25-இல் நம் நாட்டின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். அதைப் போலப் பல மடங்கு வாங்குகிறவரே அறிஞர் என்றால், நம் கல்லூரிகளிலுள்ள இளம் ஆராய்ச்சியாளர்களில் எத்தனை பேர் தேறுவார்கள்?

இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு. தம் நாட்டுச் சமையல் செய்ய வருகின்ற சமையற்காரருக்கு விலக்கு; ஆங்கிலம் தவிர்ந்த மொழிகளைக் கற்பிப்போருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் விலக்கு. மத்திய உயர்கல்வி நிலையங்களுக்கு ஆசிரியராக வருவோருக்கு வரம்பு தளர்த்தப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் நம்மிடமே படித்து, நம் மண்ணையே ஆராய்ந்து பட்டம் பெற்ற ஒருவருக்கு விலக்கு இல்லை. சீனத்துச் சமையல் தெரிந்தால் வரலாம். செம்மண்ணின் குணம் தெரிந்தால் போதாது!

இனி, வரம்பைத் தாண்டி வேலை விசா பெற்றவர் நிலை என்ன? அவரும் ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டவர்தான். ஒரு தாய்க் கம்பெனிக்கும் அதன் கிளைக் கம்பெனிகளுக்கும் இடையே மாறலாமே தவிர, இங்கே இருந்தபடி வேறு முதலாளியிடம் போக முடியாது. அமெரிக்காவைப் பற்றி நான் செய்த பிரசங்கத்தை இங்கே திருப்பிச் சொல்லிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீண்ட காலம் தங்க வேறு வழி உண்டா? உண்டு. 2016-இல் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஒரு திட்டம் ஏற்பட்டது. 18 மாதங்களில் 10 கோடி ரூபாயோ, 36 மாதங்களில் 25 கோடி ரூபாயோ முதலீடு செய்து, 20 இந்தியர்களுக்காவது வேலை கொடுக்கும் அயல்நாட்டார் பத்து ஆண்டுகள் தங்கலாம். அவருடைய வாழ்க்கைத் துணையும் வேலை பார்க்கலாம். இந்திய வம்சாவளியினராயின் 2005 முதல் வேறொரு அட்டை இருக்கிறது. அதைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் வந்து போகலாம், தங்கலாம், உழைக்கலாம். ஆக, பணத்திற்கு ஒரு வழி உண்டு. இரத்தத்திற்கு ஒரு வழி உண்டு. வெறும் கல்வியை மட்டும் கையில் கொண்டு வருபவனுக்குத்தான் வழியில்லை. கற்றவனுக்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாடு நம் நாடு!

நாம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற பெரும் உயிரியல் அறிஞர் 1957-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை விட்டு, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையத்திற்கு வந்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். பிறகு ஒரிஸ்ஸாவுக்குச் சென்று பணியாற்றி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். இங்கிலாந்தில் பிறந்த லாரி பேக்கர் கேரளத்தில் குடியேறி, ஏழைகளுக்கேற்ற செங்கல் வீடுகளைக் கட்டிக் காட்டி, இந்தியராகவே மறைந்தார். 1959-இல் சென்னையில் தொடங்கிய ஐ.ஐ.டி.யை வளர்த்ததில் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களால் யாருடைய பிழைப்பும் கெட்டதாகத் தெரியவில்லை. அவர்களிடம் கற்றவர்களால் பல பிழைப்புகள் உண்டாயின.

"வேலையில்லாப் பட்டதாரிகள் இலட்சக்கணக்கில் இருக்கும் நாட்டில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். தட்டிக்கழிக்கக் கூடிய கேள்வி அன்று இது. நானும் நாளை வேலை தேட வேண்டியவன்தான். ஆனால் இந்தப் பயத்திற்கு மருந்து சம்பள வரம்பை வானத்தில் கட்டுவதன்று. அயல்நாட்டாரைக் குறைந்த கூலிக்கு வைத்து நம்மவரைத் தள்ளிவிடுவார்கள் என்பதுதானே பயம்? அப்படியானால், அதே வேலையிலுள்ள இந்தியருக்குக் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று விதிக்கலாம். மலிவு என்ற ஆசை அப்போது முதலாளிக்கு எழாது. தகுதி ஒன்றுக்காகவே அழைப்பார்.

இந்த இடத்தில் ஜெர்மனியின் அனுபவம் நமக்குப் பயன்படும். 2000-ஆம் ஆண்டில் அந்நாடு கணிப்பொறி வல்லுநர்களை அயல்நாட்டிலிருந்து அழைக்க முற்பட்டபோது, "இந்தியர் வேண்டாம், குழந்தைகள் போதும்" என்னும் பொருள்பட ஒரு தேர்தல் கோஷம் அங்கே எழுந்தது. அந்த நாடே பிறகு மனம் மாறிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சட்டமாக்கிய நீல அட்டையை 2012 முதல் வழங்கத் தொடங்கி, இன்று ஒன்றியத்திலேயே மிகுதியாக வழங்கும் நாடாக இருக்கிறது. அட்டை பெறுவோரில் முதலிடம் இந்தியருக்கே. அங்கும் சம்பள வரம்பு உண்டு: 2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆனால் ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும், மூன்று ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்களுக்கும் அது அவ்வாண்டில் ஏறக்குறைய 43,760 யூரோவாகக் குறைந்திருந்தது. முதல் 12 மாதங்களுக்குள் வேலை மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு அந்தத் தொல்லையும் இல்லை. துணைவர் தடையின்றி வேலை பார்க்கலாம். 27 மாதங்களில், ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்தால் 21 மாதங்களிலேயே, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மானியர் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை. முதியோர் பெருகி, உழைக்கும் கைகள் குறைவதால் செய்கிறார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை என்பது உண்மையே. நமக்குக் கைகள் குறைவில்லை. ஆனால் சில துறைகளில் அறிவு குறைவு, பல துறைகளில் ஆசிரியர் குறைவு. ஒரு நாடு எல்லா அறிவையும் தானே பெற்றெடுத்துவிட முடியாது.

என் கோரிக்கை பெரிதன்று. நம் பல்கலைக்கழகங்களில் உயர்பட்டம் பெற்ற அயல்நாட்டாருக்குச் சம்பள வரம்பு நீங்கி, சமச் சம்பளம் என்ற விதி வரட்டும். அனுமதி முதலாளியின் பெயரில் அல்லாமல் உழைப்பவரின் பெயரில் இருக்கட்டும். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக உழைத்து வரி கட்டியவருக்கு, பத்துக் கோடி கொண்டு வந்தவருக்குள்ள உரிமையில் ஒரு பங்காவது கிடைக்கட்டும். 2025 செப்டம்பரில் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் 1946-ஆம் ஆண்டுச் சட்டமும் போய், அயல்நாட்டாரைப் பற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டங்களை மாற்ற முடிந்த நமக்குப் பழைய மனத்தை மாற்றவா முடியாது?

இதில் நம் சுயநலமும் கலந்திருக்கிறது. நாளை நம்மில் பலர் பிற நாட்டு வாசலில் நின்று நியாயம் கேட்கப்போகிறோம். நம் வீட்டில் செய்யாத நியாயத்தைப் பிறர் வீட்டில் கேட்க நமக்கு வாய் எப்படி வரும்?

அண்ணா டிசம்பரில் ஜெர்மனிக்குப் போய்விட்டார், நீல அட்டையுடன். அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. இரவு விமானத்திற்கு வழியனுப்ப நானும் போயிருந்தேன். "அங்குள்ள மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, இனித்தான் படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் மண்தான்" என்றார். அடுத்த பொங்கலுக்குப் பானையை இறக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். உழவன் கையிலுள்ள அந்தப் பிடி மண்ணைப் பார்த்துச் சொல்ல யாரைப் பார்ப்பது?