சீரம் ஏன் டிகாஷன் ஆகிறது?

வாங்கிய அன்று தண்ணீர்போலத் தெளிவாக இருந்த வைட்டமின் சி சீரம், இரண்டே மாதத்தில் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டதா? பல வீடுகளில் நடப்பதுதான். ‘இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை வீணாக்குவதா’ என்று மிச்சத்தையும் முகத்தில் தடவித் தீர்ப்பவர்கள் நிறைய. அப்படித் தடவுவதில் பயன் உண்டா?

இந்த சீரம்களில் பெரும்பாலும் இருப்பது எல்-அஸ்கார்பிக் ஆசிட். தன்னிடம் உள்ள எலெக்ட்ரானைக் கொடுப்பதுதான் இதன் வேலையே. வெயிலால் சருமத்தில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்களுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து அடக்கிவிடும். ஆனால், பாவம், இதற்கு ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரியாது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஆக்ஸிஜனுக்கும் வாரிக் கொடுத்துவிடும். முதலில் டீஹைட்ரோஅஸ்கார்பிக் ஆசிடாக மாறும். பிறகு மூலக்கூறின் வளையமே உடையும். அதற்குப் பிறகு அது வைட்டமின் சி இல்லை, திரும்பவும் ஆகாது. பழுப்பு நிறம் இந்தச் சிதைவின் அடையாளம். வெயில், சூடு, துளி இரும்பு, துளி செம்பு எதுவானாலும் வேகம் கூடும்.

பொடியாக, ஈரம்படாமல் இருக்கும்வரை அஸ்கார்பிக் ஆசிட் சாதுதான். தண்ணீரில் கரைத்ததும்தான் தொல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்றித் தோலில் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், பிஎச் 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அது தோலுக்குள் இறங்குகிறது என்று தெரிந்தது. 20 சதவிகிதத்துக்கு மேல் அளவைக் கூட்டியும் கூடுதலாக உள்ளே போகவில்லை. நல்ல சீரம் லேசாகச் சுரீர் என்பது இந்தப் புளிப்பால்தான். 30 சதவிகிதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

2005-ல் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழி கண்டார்கள். 15 சதவிகித வைட்டமின் சி, 1 சதவிகித வைட்டமின் ஈ இருந்த கரைசலில் 0.5 சதவிகிதம் ஃபெருலிக் ஆசிடைச் சேர்த்தார்கள். கரைசலும் நிலைத்தது, வெயிலிலிருந்து கிடைத்த பாதுகாப்பும் இரு மடங்கானது. ஃபெருலிக் ஆசிட் வேறெங்கும் இல்லை, நம் அரிசித் தவிட்டிலேயே இருக்கிறது. (அதற்காகத் தவிட்டை முகத்தில் அப்பினால் சீரம் ஆகிவிடாது!)

சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட், அஸ்கார்பைல் குளுக்கோசைட் என்று லேபிளில் இருந்தால் அவை சீக்கிரம் கெடாத மாற்று வடிவங்கள். ஆனால், தோலுக்குள் போய் வைட்டமின் சி-யாக மாறினால்தான் பலன். எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஆதாரம் குறைவு. சென்சிட்டிவ் சருமக்காரர்களுக்கு இவை பரவாயில்லை.

சரி, உங்கள் பாட்டிலைப் பாருங்கள். அம்பர் நிறப் பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்கும். நிறம் மாறியதையும் மறைத்துவிடும். வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். வெளிர் மஞ்சள் என்றால் தைரியமாகத் தடவலாம். ஆரஞ்சோ பழுப்போ ஆகியிருந்தால் விலையை மறந்து கொட்டிவிடுங்கள். பலன் பெரிதாக இருக்காது, சிலருக்கு எரிச்சலும் வரலாம். அதை நம்பி சன்ஸ்க்ரீனைக் குறைத்துக்கொண்டவர்களுக்குத்தான் உண்மையான நஷ்டம். சில சீரம்கள் தயாரிப்பிலேயே மஞ்சளாக இருக்கும் என்பதால், வாங்கிய அன்றைய நிறத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துவைப்பது நல்லது.

செலவை மிச்சம் பிடிக்க எலுமிச்சைச் சாறைத் தடவுவது வேண்டவே வேண்டாம். அதோடு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுத்துப்போகும்.

வெந்நீர் ஆவி சூழும் குளியலறை அலமாரியும் ஜன்னல் ஓரமும் சீரமுக்கு ஆகாத இடங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கலாம். டிராப்பரைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தலை வாரப் போகாதீர்கள். பெரிய பாட்டிலைவிட 15 மில்லி பாட்டிலே லாபம். லேபிளில் திறந்த டப்பா படத்துக்குள் இருக்கும் எண், திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லும். திறந்த தேதியை மார்க்கரால் பாட்டில் அடியில் எழுதிவிடுங்கள்.