இணையச் சதுரங்கம்: ரகசியத் தண்டனை போதாது

இணையத்தில் சதுரங்கம் ஆடுபவர்களுக்குப் பழகிப்போன அறிவிப்பு ஒன்று உண்டு. உங்களுடன் ஆடியவர் விதிமீறியது தெரியவந்துள்ளது, நீங்கள் இழந்த ரேட்டிங் புள்ளிகள் திருப்பித் தரப்படுகின்றன என்பார்கள். எந்த ஆட்டத்தில், எப்படி ஏமாற்றினார், முன்பும் இப்படிச் செய்தவரா என்பதற்கெல்லாம் பெரும்பாலும் பதில் கிடைக்காது. புள்ளி திரும்பி வரும். தோற்றதாக நினைத்துத் தூக்கம் தொலைத்த இரவு திரும்பி வராது.

ஏமாற்றுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச மென்பொருள் சாதாரணக் கைப்பேசியிலேயே உலக சாம்பியனை வீழ்த்தும். புதிதாக ஏமாற்றுபவரை நேரமே காட்டிக்கொடுத்துவிடும்: திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்திலும் ஏழு விநாடி, காயைப் பலிகொடுக்கும் சிக்கலான இடத்திலும் அதே ஏழு விநாடி. கைதேர்ந்தவர் அப்படிச் சிக்குவதில்லை. ஓர் ஆட்டத்தில் இரண்டே இடங்களில் மென்பொருளைப் பார்த்தால் அவருக்குப் போதும். இப்படி ஊதிப்பெருத்த ரேட்டிங் அவரோடு நிற்பதில்லை. அவரிடம் தோற்ற நேர்மையான ஆட்டக்காரர்களின் ரேட்டிங் தகுதிக்குக் கீழே இறங்குகிறது. வேண்டுமென்றே தோற்றுப் புள்ளியைக் குறைத்துக்கொண்டு, கீழ்ப்பிரிவுப் பரிசைத் தட்டிச்செல்பவர்களும் இருக்கிறார்கள்.

2021 ஜூன் மாதம் கரோனா நிவாரணத்துக்காக விஸ்வநாதன் ஆனந்த் ஒரே நேரத்தில் பல பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். கணினியின் உதவியும் மற்றவர்களின் உதவியும் இருந்ததாக மறுநாளே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். செஸ்.காம் தளம் முடக்கிய அவரது கணக்கு பிறகு திரும்ப அளிக்கப்பட்டது. புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டம், ஆனந்தும் விஷயத்தை வளர்க்க விரும்பவில்லை என்று தளம் காரணம் சொன்னது. ஆனந்தின் பெருந்தன்மை அவருடையது. அதை விதியாக்கும் உரிமை தளத்துக்கு இல்லை. பெயர் தெரியாத ஒரு பள்ளி மாணவனுக்கு இதே சலுகை கிடைத்திருக்குமா?

இந்த ரகசியப் பஞ்சாயத்தின் விலை என்ன என்பதை அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன் விவகாரம் காட்டியது. 2020-இல் செஸ்.காம் அவரது கணக்கைச் சத்தமில்லாமல் மூடியது. 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் அவரிடம் தோற்ற அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன், அவர் ஏமாற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் போட்டியிலிருந்தே விலகினார். 12 வயதிலும் 16 வயதிலும் இணையத்தில் ஏமாற்றியதாக நீமன் ஒப்புக்கொண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கக்கூடும் என்று தளம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. நேரடிப் பலகையில் அவர் ஏமாற்றியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தகுந்த காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்குத்தான் உலக சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே 10,000 யூரோ அபராதம் விதித்தது. 2020-லேயே சம்மேளனத்திடம் முறையாகத் தகவல் போயிருந்தால், விசாரித்து முடிக்க வேண்டிய ஒரு விஷயம் இரண்டு ஆண்டு கழித்து உலகச் சண்டையாக வெடித்திருக்காது.

தீர்ப்பு வெளியே வராத இடத்தில் வதந்தி தீர்ப்பாகிவிடுகிறது. கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி மீது முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சந்தேகம் எழுப்பினார். குற்றம் எங்கும் நிரூபிக்கப்படவில்லை. 2025 அக்டோபரில், 29 வயதில் நரோடிட்ஸ்கி இறந்துபோனார். மரணத்துக்கான காரணத்தை நாம் ஊகிக்கக் கூடாது. ஆனால் அந்தச் சந்தேகத்தின் சுமையோடுதான் தன் கடைசி மாதங்களை அவர் கழித்தார். குற்றமற்றவர் என்று சொல்லித் தலைநிமிர அவருக்கு ஒரு மன்றம் இருந்திருக்க வேண்டும்.

இன்று குற்றம் சாட்டுவதும் தீர்ப்பளிப்பதும் சந்தா வசூலிப்பதும் ஒரே நிறுவனம். இது முறையல்ல. கண்டுபிடிக்கும் உத்தியை வெளியிட்டால் ஏமாற்றுபவர் உஷாராகிவிடுவார், வழக்கு வரும் என்று தளங்கள் சொல்கின்றன. நீமன் 10 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது உண்மைதான். ஆனால் உத்தியை யாரும் கேட்கவில்லை. முடிவையும் அதற்கான காரணத்தையும்தான் கேட்கிறோம்.

பரிசுப் பணமோ பட்டமோ சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வழக்கும் தளத்துக்கு வெளியே உள்ள சுயேச்சையான குழுவுக்குப் போக வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். குற்றம் உறுதியானால் வயது வந்தவரின் பெயர் வெளியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரின் பெயரைக் காக்க வேண்டும். ஆனால் பெற்றோருக்கும் சம்மேளனத்துக்கும் தகவல் போயே ஆக வேண்டும். பட்டம் பெற்றவர்கள் ஏமாற்றினால் விதிக்கப்படும் தடை நேரடிப் போட்டிகளுக்கும் செல்லுபடியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் கைப்பேசியில்தான் பயிற்சி ஆட்டம் ஆடுகிறார்கள். அவர்களை நினைத்தாவது ஃபிடேயும் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பும் தளங்களை ஒரே மேசைக்கு அழைத்து, இந்த விதிகளை எழுத்தில் கொண்டுவர வேண்டும்.