எட்டாம் இடத்து அணிக்கு யார் கைதட்டுவது?

போன வாரம் சாயங்காலம் வ.உ.சி. பூங்கா பக்கம் நடக்கப் போயிருந்தேன். நேரு ஸ்டேடியம் வாசலில் ஒரு பையன் பூட்ஸை கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். பேச்சுக் கொடுத்தேன். கால்பந்து விளையாடுகிறானாம். கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "ஏனுங்க தாத்தா, இந்த ஸ்டேடியத்துல விளையாடுன டீம் ஒண்ணு இந்தியா லெவல்ல கப்பு வாங்குச்சாமா? நெசமுங்களா?"

நிஜம்தான் என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி தெரியவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2019-ல் நடந்தது. அதற்குள் ஊருக்கே மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி. பெயர் சென்னை, ஆடியது கோவை. அதுவே முதல் சிக்கல். 2017-18 ஐ-லீக் பருவத்தில் அவர்கள் நம் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக ஆக்கிக்கொண்டபோது, எங்கள் தெருவில் பலரும் கேட்ட கேள்வி "மெட்ராஸ்காரன் டீமுக்கு நாம எதுக்குப் போறது?" என்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னை இழுத்துக்கொண்டு போனவர் பக்கத்து வீதியில் இருக்கும் ஓர் அண்ணன். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். சின்ன வயதில் மில் மைதானத்தில் வெறுங்காலில் பந்து ஆடியவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். "ஏன் தம்பி, டிவில பாத்தா பந்து எங்க போகுதுன்னுதான் தெரியும். பந்து இல்லாத இடத்துல என்ன நடக்குதுன்னு மைதானத்துல உக்காந்து பாத்தாத்தான் தெரியும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முதல் நாள் போனேன்.

அந்தப் பருவம் சுகமான பருவமில்லை. பத்து அணிகளில் சென்னை சிட்டி எட்டாவதாக வந்தது. ஒரு வாரம் நன்றாக ஆடுவார்கள், அடுத்த வாரம் கடைசிப் பத்து நிமிடத்தில் கோட்டை விடுவார்கள். கேலரியில் கூட்டம் இருக்காது. பயிற்சியாளர் கத்துவது மேல் வரிசை வரை கேட்கும். ஆனாலும் பார்க்க ஆள் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் நடுவில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது அண்ணன் எழுந்து நின்றுவிடுவார். "இந்தப் பையன் இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டான் பாருங்க" என்றார். அப்படியே ஆனது. அடுத்த பருவம் சூசைராஜ் ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கால்பந்து அதிகம் பார்க்காத நண்பர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் அப்போது இரண்டு பெரிய லீக் ஓடின. ஒன்று, பணமும் டிவி வெளிச்சமும் உள்ள ஐ.எஸ்.எல். இன்னொன்று, பழைய தேசிய லீகின் தொடர்ச்சியான ஐ-லீக். காகிதத்தில் ஐ-லீக் சின்னது என்று அப்போது எழுதவில்லை. நடைமுறையில் அது சின்ன வீடுதான். ஒருவன் நன்றாக ஆடினால் அங்கிருந்து இங்கே போவான். அணிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஐ-லீகில் முதலிடம் வந்தாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏணி இல்லை.

2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. புதிய பருவத்தின் முதல் ஆட்டம் கோவையில். எதிரணி இந்தியன் ஆரோஸ், இளம் பையன்கள். 4-1 என்று ஜெயித்தோம். 'ஜெயித்தோம்' என்று என்னை அறியாமல் எழுதிவிட்டேன், பாருங்கள். அன்றைக்குத்தான் பெட்ரோ மான்சியை முதலில் பார்த்தேன். மூன்று கோல் போட்டார். அலட்டல் கிடையாது. பந்து வருவதற்கு முன்பே அது வரும் இடத்தில் நின்றுகொண்டிருப்பார். அண்ணன் சொன்ன 'பந்து இல்லாத இடம்' எதுவென்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. பருவம் முடியும்போது மான்சியின் கணக்கில் 21 கோல்.

பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கோல்கீப்பரில் தொடங்கி, காலுக்குக் கால் கொடுத்து, மெதுவாக முன்னேற வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் சிலர், கூடவே நம் தமிழ்நாட்டுப் பையன்கள். முதல் சில ஆட்டங்களில் சொந்த கோலுக்கு அருகிலேயே பந்தை உருட்டும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். "அடிச்சுத் தொலைங்கடா" என்று பின்வரிசையில் ஒருவர் கத்துவார். ஜனவரிக்குள் அவரே "பொறு, பொறு, கொடுத்து வாங்கு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். ஓர் அணி மட்டுமல்ல, கேலரியும் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்கிறது.

பட்டியலில் மேலே இருந்தோம். ஆனால் மேலே இருப்பது நிம்மதி இல்லை என்பது அந்த நான்கு மாதத்தில் தெரிந்தது. பின்னால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் விடாமல் வந்துகொண்டிருந்தது. 2004-க்குப் பிறகு தேசிய லீக் கோப்பை கிடைக்காத பெரிய கிளப் அது. அவர்களுடைய ஒரு ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தில் நம் கேலரியைப் பல முறை நிரப்பலாம். கடைசிக்கு முந்தைய ஆட்டம் கோவாவில், சர்ச்சில் பிரதர்ஸுடன். அதில் வென்றிருந்தால் அன்றைக்கே கோப்பை நமக்கு. தோற்றுப் போனோம். டிவியை அணைத்துவிட்டு அண்ணனுக்கு போன் போட்டேன். "என்னண்ணா இப்படி ஆயிடுச்சு?" "நல்லதுதான் தம்பி. கப்பு கோவாவுல எதுக்கு? நம்மூருக்கு வரட்டும்" என்றார். குரலில் தைரியம் இல்லை. சொல்லில் மட்டும் இருந்தது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி ஆட்டம். எதிரே முந்தைய பருவத்தின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். நமக்கு ஒரு புள்ளிதான் முன்னிலை. அவர்கள் ஜெயித்து நாம் டிரா செய்தால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்கு.

அன்றைக்கு ஸ்டேடியத்தில் எங்கள் வழக்கமான இடம் கிடைக்கவில்லை! பருவம் முழுக்க நாங்கள் உட்கார்ந்த படியில் யாரோ குடும்பத்தோடு இருந்தார்கள். கொஞ்சம் எரிச்சலாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியம் அடங்கிவிட்டது. இடைவேளை வரை 0-1. அண்ணன் டீ வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. மான்சி போட்டார், 1-1. பிறகு கௌரவ் போரா. கோல் தடுப்பது அவர் வேலை, போடுவது அல்ல. அவர் போட்டார், 2-1. அதே சமயம் கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால் முந்திவிட்டது என்று ஒவ்வொரு வரிசையிலும் போனைப் பார்த்துச் சொன்னார்கள். அங்கே 2-1, இங்கே 2-1. மினர்வா இன்னொரு கோல் போட்டால் நான்கு மாத உழைப்பு போச்சு. கூடுதல் நேரத்தில் மறுபடியும் அதே போரா. 3-1. நான் எழுந்து என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு இளைஞர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைசிக் கணக்கு: சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக் கோப்பையை வாங்கிய முதல் தமிழ்நாட்டு அணி.

இத்தோடு கதையை நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

அந்த ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் நம் அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைன் போய் அல்-ரிஃபாவிடம் 0-1 என்று மட்டும் தோற்று வந்தார்கள். அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார். மார்ச்சில் கொரோனா வந்து லீகை நிறுத்தியது. அடுத்த பருவம் முழுவதும் மேற்கு வங்காளத்திலேயே நடந்தது. 2021-22 பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருடம் முடிவதற்குள் இது நடந்துவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் எல்லோரும் மேலே கை காட்டுவார்கள். நானும் காட்டுவேன். முதலிடம் வந்த அணிக்கு மேலே ஏற வழி இல்லாத லீக் என்ன லீக்? ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற கதவு 2022-23 பருவத்தில்தான் திறந்தது. அந்தக் கதவு வழியாக முதலில் போனது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். அது வேறு யாருமில்லை, மார்ச் 9 அன்று நம்மிடம் 3-1 என்று தோற்ற அதே மினர்வாவின் மறு பெயர். நாலு வருடம் முன்னால் அந்தக் கதவு திறந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் மேலே கை காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நான் என்னிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எட்டாவது இடம் வந்த பருவத்தில் அண்ணனோடு பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போனவன், கோப்பை வாங்கிய அடுத்த பருவத்தில் போனது இரண்டே முறை. ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் முழங்கால் வலி, ஒரு நாள் சும்மா சோம்பல். "சாம்பியன் டீம்தானே, நான் வராட்டி என்ன?" என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தனியாகப் போய்விட்டு வந்தார். அந்த 'நான் வராட்டி என்ன' என்ற பேச்சு எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஏனென்றால் மார்ச் 9 அன்று எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்த குடும்பமும் அதற்குப் பிறகு அதையேதான் சொல்லியிருக்கும். ஊர் முழுக்க அப்படிச் சொன்னால் கேலரி காலி.

"சின்ன லீக்கை யார் பார்ப்பது, டிவியில் பார்சிலோனா வருகிறதே" என்பார்கள். வரட்டும், நானும் பார்க்கிறேன். ஆனால் பார்சிலோனாவுக்கு நான் இருப்பது தெரியாது. தோற்ற நாளில் நான் போகாவிட்டால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நம் ஊர் அணிக்கு அப்படி இல்லை. அங்கே ஆயிரம் பேரில் நூறு பேர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். விளம்பரம் கொடுப்பவனுக்குத் தெரியும், பந்து ஆடுகிறவனுக்கும் தெரியும்.

என் அபிப்பிராயம் இவ்வளவுதான். ஓர் ஊருக்கு அணி உண்டா இல்லையா என்பதைக் கோப்பை வாங்கிய நாளின் கூட்டம் சொல்லாது. எட்டாவது இடத்தில் இருக்கும்போது, வேலை நாள் சாயங்காலம், வெயில் முகத்தில் அடிக்க, வந்து உட்காருகிறவர்கள்தான் அதைச் சொல்வார்கள். நாம் கோப்பைக்கு வந்தோம். பருவத்துக்கு வரவில்லை. பெயரில் 'சென்னை' இருந்தது ஒரு சாக்கு. 'கோவை' என்று இருந்திருந்தாலும் நாம் வேறு சாக்கு கண்டுபிடித்திருப்போம் என்றே நினைக்கிறேன்.

அண்ணன் இப்போதும் போகிறார். மாவட்ட லீக் ஆட்டங்கள் நடக்கும்போது, குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பார்க்க முப்பது பேர், நாற்பது பேர் இருப்பார்கள், பாதி பேர் ஆடுகிற பையன்களின் அப்பாக்கள். நடுவரை அண்ணன் இன்னும் திட்டுகிறார். அந்தப் பையனிடம் "எந்த டீமுக்கு ஆடறே, என்னைக்கு மேட்ச்?" என்று கேட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாம். ஜெயிக்கிற டீமா என்று கேட்கவில்லை. அண்ணனிடம் நானும் வருகிறேன் என்று சொன்னேன். "முழங்கால்?" என்றார்.

"அது பாட்டுக்கு வலிக்கட்டும் அண்ணா" என்றேன்.