பறை 'சூழல் ஒலி' அல்ல

மழை, ரயில், சந்தை இரைச்சல் என்று கிடைப்பதையெல்லாம் பதிவு செய்து, அதன்மேல் அந்த நேரத்தில் தோன்றுவதை சிந்தசைசரில் வாசித்து ஆம்பியன்ட் இசை செய்கிறவன் நான். இந்தத் துறைக்குள் இருந்துகொண்டே சொல்கிறேன்: நம் களப்பதிவுகளில் சாதி இருக்கிறது.

1948இல் பாரிஸில் ரயில் ஓசைகளை வெட்டி ஒட்டி இசையாக்கினார் பியர் ஷேஃபர். ஓர் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மறந்து, அதை ஒலியாக மட்டுமே கேட்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ரயிலுக்கு அது சரி. பறைக்கு? அங்கே மூலத்தை மறப்பது என்றால் அடித்தவரை மறப்பது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி உண்டு. சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை 1970 வாக்கில் இசை ஆய்வாளர் ஹ்யூகோ செம்ப் பதிவு செய்தார். 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அந்தக் குரலை எடுத்து உலகெங்கும் விற்றது. 1996இல் நார்வே இசைக்கலைஞர் யான் கார்பரெக் அதே மெட்டை ஆப்பிரிக்கப் பிக்மிகளின் தாலாட்டு என்று தலைப்பிட்டு வெளியிட்டார். பாடியவரின் பெயர் மட்டுமல்ல, அவருடைய கண்டமே மாறிப்போனது.

நம் ஊரில் நடப்பதும் இதுதான். சாவு ஊர்வலத்துப் பறையைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, எதிரொலியில் ஊறவைத்து, 'கிராமத்து அந்தி' என்று பெயர் வைக்கிறார்கள். பல ஊர்களில் அது சாதி சுமத்திய கட்டாய வேலை. மறுத்தவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். அந்த வலி உங்கள் ஹெட்ஃபோனில் அமைதியாகிவிடுகிறதா?

இன்னொரு பித்தலாட்டமும் உண்டு. சபா மேடையில் வித்வான் நினைத்த மாத்திரத்தில் விரித்துப் பாடினால் அது 'மனோதர்மம்'. பறைக் கலைஞர் தோலைத் தீயில் காய்ச்சி, சூடு இறங்க இறங்க மாறும் நாதத்துக்கு ஏற்ப அடியை மாற்றினால் அது 'குத்து'. நாம் சின்தசைசரில் தடவித் தடவித் தேடுவதை அவர் நடந்துகொண்டே செய்கிறார். ஆனால் ஆல்பத்தில் நாம் 'கலைஞர்', அவர் 'சூழல் ஒலி'.

"ஒலிக்குச் சாதி ஏது, தோழர்?" என்று கேட்பார்கள். ஒலிக்கு இல்லை. யாருடைய ஒலி இசை, யாருடையது இரைச்சல் என்று பிரித்ததே சாதிதான். மைக்கை யார் பிடிக்கிறார், பெயரும் பணமும் யாருக்குப் போகின்றன என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இதில் நான் கேட்பது கருணையை அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாம்பாட்டியையும் கழைக்கூத்தாடியையும்கூட நிகழ்த்துகலைஞர் என்று ஏற்கிறது. தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அனுமதிக்கும் உரிமையும், 2012 திருத்தத்துக்குப் பிறகு தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரும் உரிமையும் அவருக்கு உண்டு. பறை அடிப்பவருக்கு மட்டும் இது எப்படிப் பொருந்தாமல் போகும்?

ஆகவே, பதிவுக்கு முன் கேளுங்கள். மறுத்தால் மைக்கை அணையுங்கள். அவர் சொல்லும் பெயரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். வருமானத்தைப் பகிருங்கள். முடிந்தால் பதிவையே விட்டுவிட்டு, அவரை அழைத்துக் கூட உட்கார்ந்து வாசியுங்கள். கூலியையும் முதலிலேயே பேசுங்கள்.

இதற்குத் தயாரில்லை என்றால், மழையைப் பதிவு செய்யுங்கள். மழை பங்கு கேட்காது.