தீட்டும் கிருமியும்

எலவனாசூர்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு பெரியவர் நம்மைப் பார்த்து, "நாங்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் மூடத்தனம் என்கிறீர்கள், பஞ்சாயத்தார் தெருவோரம் வெள்ளைப் பவுடர் தூவினால் அது மட்டும் விஞ்ஞானமோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதேயாகும். ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் அதிலுள்ள குளோரின் கிருமிக்குள் புகுந்து, அதன் உடலுக்கு ஆதாரமான புரதங்களைச் சிதைத்துவிடுகின்றது. சாராயச் சத்து புரதத்தை உறையவைத்துக் கொல்லுகின்றது. அதுவும் 100-க்கு 70 பங்கு சாராயமும் மீதி தண்ணீருமாயிருந்தால்தான் நன்கு வேலை செய்யும். சோப்போ கொரோனா போன்ற கிருமிகளின் கொழுப்பு உறையை உடைக்கும்; மற்றவற்றைக் கையைவிட்டுப் பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். இதில் மந்திரமும் இல்லை, மகிமையும் இல்லை. அளவும் நேரமுமே உண்டு. ஆயிரம் லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு நல்ல பவுடர் சுமார் 2.5 கிராம், கலந்து அரைமணி நேரமாவது விடவேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். மஞ்சள் தண்ணீர்க்காரரும் இப்படி ஒரு கணக்குச் சொல்லி மெய்ப்பிக்கட்டும், ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஆனால் அளவையும் நேரத்தையும் மறந்தால் விஞ்ஞானமும் சடங்காகிவிடும். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் என்று ஒன்றை அமைத்து, மக்கள் மீது குளோரின் மருந்து கலந்த நீரைத் தெளித்தார்கள். சில விநாடி நனைந்தால் உடலுக்குள் இருக்கும் கிருமி சாகுமா? அதே மாதத்திலேயே மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர் மீது மருந்து தெளிக்கலாகாதென்று அறிவித்தது. காய்ந்த மண்ணில் கோடு கிழித்தாற்போல் தூவும் பவுடரும் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. விஞ்ஞானம் தன் பேரால் நடந்த தவறைத் தானே சொல்லித் திருத்திற்று. சடங்கு என்றைக்காவது அப்படிச் செய்ததுண்டா?

1847-இல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் டாக்டர், பிரேதத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களைக் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். 1846-இல் 100-க்கு 11-ஆக இருந்த தாய்மார் சாவு 1848-இல் 2-க்கும் கீழே இறங்கிற்று. பெரிய டாக்டர்கள் பலர் அதை ஏற்கவில்லை. எண்ணிக்கையோ பொய் சொல்லவில்லை.

நம் நாட்டில் என்ன செய்தோம்? தாழ்த்தப்பட்ட தோழன் தொட்டால் தீட்டென்று தண்ணீர் தெளித்தோம். பிறந்த குழந்தையின் தொப்புளில் "சுத்தம்" என்று சாணத்தை வைத்தோம். சாணத்தில் இரணஜன்னிக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். அதனால் செத்த குழந்தைகள் எத்தனை! மனிதனை வெளியே தள்ளியவன் கிருமியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டான். தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பின்னரே, 2015-இல் இந்தியா தாய்சேய் இரணஜன்னியை ஒழித்த நாடென ஏற்கப்பட்டது.

ஆகவே பெரியவரே, மஞ்சளா பவுடரா என்பதல்ல கேள்வி. எதைக் கொல்லுகின்றது, எவ்வளவில், எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவன் பூசாரியானாலும், அதிகாரியானாலும், நாமேயானாலும் நம்பாதீர்கள்!